மேரியும் எலிசபெத்தும் சந்திக்காவிட்டால் என்ன?

மேரி, எலிசபெத் பற்றிய படத்தில் இரண்டு அரசிகளும் நேருக்கு நேர் நிற்கும் காட்சியில் கண்கலங்கினேன், பிறகு அப்படி ஒரு சந்திப்பே நடக்கவில்லை என்று தெரிந்ததும் மொத்தப் படமும் கசந்துவிட்டது என்கிறீர்கள். எனக்கும் அந்தக் கசப்பு இருந்தது. உண்மைதான், சந்திக்கவில்லை. ஸ்காட்லாந்து அரசி மேரி 1568இல் இங்கிலாந்துக்குத் தப்பி வந்து 19 ஆண்டுகள் காவலில் கிடந்தார். இங்கிலாந்து அரசி எலிசபெத் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. எல்லாம் கடிதத்தோடு சரி. நாடகக்காரர்களுக்கு இது பொறுக்காது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இருவரையும் மேடையில் சந்திக்க வைத்துக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் காட்சியை மன்னித்துவிட்டு மேரியின் தையலையும் உடையையும் பாருங்கள். அங்கேதான் சரக்கு இருக்கிறது. காவலில் இருந்த மேரி ஓயாமல் பூத்தையல் போட்டார். அதில் ஒன்று செம்பழுப்புப் பூனை, பக்கத்தில் ஓர் எலி. எலிசபெத்தின் தலைமுடி செந்நிறம். எலி யார் என்று நான் சொல்ல வேண்டுமா?

1587 பிப்ரவரி 8, இங்கிலாந்தின் ஃபாதரிங்கே கோட்டை. மேரிக்கு மரண தண்டனை. வெட்டுமேடையில் மேரியின் கறுப்பு மேலாடையைக் களைந்தபோது உள்ளே சிவப்பு. கத்தோலிக்கர்களுக்கு அது மறைசாட்சிகளின், அதாவது நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்களின், நிறம். வாள் இல்லை, படை இல்லை, ஓர் உள்ளுடையால் பதில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

பெயர்கள் குழம்புகின்றன என்றும் எழுதியிருந்தீர்கள். அரசி மேரியின் தோழியர் நால்வருக்கும் மேரி என்றே பெயர். பிழை உங்கள் மேல் இல்லை.