தாத்தா பாட்டி படத்தில் ஓரமாகத் தெரியும் இரட்டை உருவம்

வணக்கம். தாத்தா பாட்டியின் பழைய படத்தில் ஆட்களையும் பின்னணியையும் தனித்தனியாகப் பிரித்து, ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்ற அசைவூட்ட மென்பொருளில் ஆழம் தெரிய வைத்தபோது, கேமரா நகரும்போது பாட்டியின் தோளுக்குப் பின்னால் இன்னொரு பாட்டி எட்டிப் பார்க்கிறார், பின்னணியும் சுருங்கிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் காரணம் வேறு வேறு.

முதல் சிக்கல் போட்டோஷாப்பில் இருக்கிறது. ஆட்களை வெட்டித் தனி லேயராக (அடுக்காக) வைத்தீர்கள், ஆனால் பின்னணி லேயரில் அவர்கள் அப்படியே நிற்கிறார்கள். அந்த லேயரில் ஆட்களைச் சுற்றிய செலக்‌ஷனை 10, 15 பிக்சல் வெளியே விரித்து, கன்டென்ட் அவேர் ஃபில் (சுற்றியுள்ளதைப் பார்த்துத் தானாக நிரப்பும் வசதி) கொடுத்து அவர்களை முழுசாக அழித்துவிடுங்கள். நிரப்பியது கச்சிதமாக இருக்க வேண்டியதில்லை, ஓரத்தில் ஒரு கீற்றுதான் வெளியே தெரியும். நாற்காலிக் கால், புடவைத் தலைப்பு பக்கம் மட்டும் குளோன் ஸ்டாம்ப்பால் (பக்கத்துப் பகுதியை நகலெடுத்துப் பூசும் கருவி) கையால் சரிசெய்யுங்கள்.

அடுத்தது சுருக்கம். 1920 பிக்சல் அகல காம்பில் (காம்பொசிஷன், அதாவது வேலை செய்யும் திரை) 50 மி.மீ. கேமரா வைத்தால் அது படத்திலிருந்து சுமார் 2667 பிக்சல் தள்ளி நிற்கும். பின்னணியை இசட் அச்சில் (ஆழத் திசையில்) 1333 பிக்சல் பின்னுக்குத் தள்ளினால் அளவை 150% ஆக்க வேண்டும், 2667 தள்ளினால் 200%. கேமரா பக்கவாட்டில் நகர்வதால் இன்னும் கொஞ்சம் கூட்டியே வையுங்கள். கேமரா முகங்களை நெருங்கும்போது படம் பெரிதாகத் தெரியும் என்பதால், அதை 600 டிபிஐயில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) மறுபடி ஸ்கேன் செய்வது நல்லது.

அப்புறம், கேமராவைப் பக்கவாட்டில் அதிகம் இழுக்காதீர்கள். மெதுவாக முகங்களை நோக்கிப் போகட்டும். பழைய படத்துக்கு அதுதான் அழகு.