கிறிஸ்தவராக மாறாமல் இயேசுவின் போதனைகளைப் பின்பற்ற முடியுமா?

முடியும். பத்து வருஷமாக முயன்றுகொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்.

எங்களுடையது இந்துக் குடும்பம். பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளியில் படித்ததால் இயேசுவின் மலைப்பிரசங்கம் (பைபிளில் மத்தேயு 5 முதல் 7 வரையுள்ள அதிகாரங்கள்) சின்ன வயசிலேயே காதில் விழுந்தது. மனசில் தைத்தது நாற்பதுக்குப் பிறகுதான்.

வீட்டுப் பாகத்தில் எனக்கும் தம்பிக்கும் சண்டை. அவன் கிணற்றுக்குப் போகும் பாதையை நான் கம்பிவேலி போட்டு அடைத்துவிட்டேன். ஆறு வருஷம் பேச்சே இல்லை. ஒரு பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோவிலுக்குப் பொங்கல் பானையெல்லாம் வேனில் ஏற்றியாயிற்று. அப்போது அந்த வசனம் ஞாபகம் வந்தது: காணிக்கை செலுத்த வந்த இடத்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு. எனக்கு அவன்மேல் குறை இருந்தால் என்று இல்லை, கவனியுங்கள், அவனுக்கு என்மேல். அதுவரை என் பக்க நியாயத்தையே எண்ணிக்கொண்டிருந்தேன். வேனை நிறுத்தச் சொல்லிவிட்டு, கட்டிங் பிளேயரோடு போய் வேலியை வெட்டினேன். துருப்பிடித்த கம்பி உள்ளங்கையைக் கிழித்தது. தம்பி திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. அப்புறம்தான் கோவிலுக்குப் போனோம்.

இந்த வழியில் பெரியவர்கள் முன்பே நடந்திருக்கிறார்கள். காந்தி லண்டனில் படிக்கும்போது மலைப்பிரசங்கத்தை வாசித்தார். கடைசிவரை இந்துவாகவே இருந்தார். அவருக்கும் முன்னால், 1820-இல், ராஜா ராம்மோகன் ராய் இயேசுவின் உபதேசங்களைத் தனியாகத் தொகுத்துக் கல்கத்தாவில் வெளியிட்டார். செராம்பூர் மிஷனரி ஜோஷுவா மார்ஷ்மன் கடுமையாக எதிர்த்தார்: இயேசுவின் தெய்வத்தன்மையையும் பாவநிவாரணத்தையும் விட்டுவிட்டு உபதேசம் மட்டும் போதுமா? ராய் விடவில்லை. அவருடைய மூன்றாவது மறுப்பை பாப்டிஸ்ட் மிஷன் அச்சகம் அச்சிட மறுத்தபோது சொந்தமாக அச்சகமே வைத்தார்.

மார்ஷ்மனின் கேள்வியை நான் லேசாகத் தள்ளமாட்டேன். என் கிறிஸ்தவ நண்பர்களுக்கு உயிர்த்தெழுதல்தான் எல்லாம். எனக்கு அந்த விசுவாசம் வரவில்லை. அது இல்லாமல், ஞானஸ்நானமும் எடுக்காமல் ‘நானும் கிறிஸ்தவன்’ என்பது அவர்களுக்குச் செய்யும் அவமரியாதை. அதனால்தான் அந்தப் பெயரை எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு சிக்கல் உண்டு. சபையில் இல்லாதவனைத் தட்டிக்கேட்க ஆளில்லை. பிடித்த வசனங்களோடு நின்றுவிடலாம். அதனால் மாதம் ஒருமுறை அந்த மூன்று அதிகாரங்களையும் விடாமல் வாசிக்கிறேன். ஒவ்வொரு தடவையும் என்னை நிறுத்துவது, கடன் கேட்கிறவனுக்கு முகங்கோணாதே என்ற இடம். போன மாதம் மகளின் காலேஜ் ஃபீஸுக்குத் தம்பி தானாகவே வந்து கேட்டான். கொடுத்தேன். முகங்கோணாமல் கொடுத்தேனா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.