மழைக்கு முன் ஆன்டெனாவைப் பாருங்கள்: மலை ஹாம்களின் கேள்விகளுக்குப் பதில்

மலையில் இருக்கும் ஹாம்களுக்கு (பொழுதுபோக்காக வானொலி நிலையம் நடத்துபவர்களுக்கு) உயரம் இலவசம். காசைக் கேபிளிலும் எர்த்திலும் டவரை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே ஒயரிலும் போடுங்கள் என்றுதான் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். வடகிழக்குப் பருவமழை நெருங்குகிறது. இந்த முறை வந்த கேள்விகளும் அதையொட்டியே இருக்கின்றன.

கோத்தகிரி வாசகர்: சார், மாடியில் 2 மீட்டர் அலைவரிசைக்கான கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா, 30 மீட்டர் ஆர்.ஜி.58 கேபிள். போன வருடம் எஸ்.டபிள்யூ.ஆர். (சக்தி எவ்வளவு திரும்பி வருகிறது என்பதன் அளவு, 1 என்றால் எதுவும் திரும்பவில்லை) 1.5 இருந்தது. நான் ஒன்றும் செய்யாமலே இப்போது 1.1. ஆனால் கோவை நண்பர்கள் என் குரல் தேய்ந்துவிட்டது என்கிறார்கள். ரிக்கில் (ரேடியோ செட்டில்) கோளாறா?

ரிக்கைப் பிரிக்காதீர்கள். பெரும்பாலும் கேபிளுக்குள் தண்ணீர் போயிருக்கிறது. தானாகக் குறைந்த எஸ்.டபிள்யூ.ஆரை நம்பவே கூடாது. நல்ல நிலையில் உள்ள ஆர்.ஜி.58கூட 145 மெகாஹெர்ட்ஸில் 30 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டெசிபெல் தின்றுவிடும். நீங்கள் 25 வாட் ஏற்றினால் மேலே போய்ச் சேருவது 6 வாட்தான். ஆன்டெனாவில் பட்டுத் திரும்பும் சக்தியும் அதே வழியில் இறங்கும்போது இன்னொரு 6 டெசிபெல் போய்விடும். அதனால், மேல் முனையில் ஆன்டெனாவையே கழற்றிவிட்டாலும் கீழே உள்ள மீட்டர் 1.7 வாக்கில்தான் காட்டும். ஈரம் புகுந்த கேபிள் இன்னும் அதிகமாகத் தின்னும். அந்த அளவுக்கு மீட்டர் அழகான எண்ணைக் காட்டும்.

சோதனை எளிது. மேல் முனையில் டம்மி லோடும் (ஆன்டெனாவுக்குப் பதிலாகச் சக்தியை ஏற்கும் சுமை) வாட் மீட்டரும் வைத்து, எத்தனை வாட் வந்து சேருகிறது என்று பாருங்கள். 6 வாட்டுக்கு வெகுவாகக் கீழே இருந்தால் மேல் கனெக்டரை வெட்டி, கேபிளுக்குள் இருக்கும் செம்புப் பின்னலைப் பாருங்கள். செம்பு கறுத்திருந்தால் ஒரு மீட்டர் வெட்டி மறுபடி பாருங்கள். அங்கேயும் கறுப்பு என்றால் முழுக் கேபிளையும் தூக்கிப் போடுங்கள். பின்னல் வழியாகத் தண்ணீர் திரி போல ஏறிப் பரவியிருக்கும், காயவைத்துப் பயனில்லை. புதிதாக வாங்குவதென்றால் இழப்பு குறைந்த எல்.எம்.ஆர்.400 கேபிள் வாங்குங்கள். அதே நீளத்தில் 25 வாட்டில் 17 வாட்டுக்கு மேல் ஆன்டெனாவுக்குப் போகும்.

கேபிள் முனையில் மாட்டும் பி.எல்.259 கனெக்டர் தண்ணீர் தாங்காது. தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதன் மேல் நல்ல கறுப்பு இன்சுலேஷன் டேப்பைக் கீழிருந்து மேலாகச் சுற்றுங்கள். அப்போதுதான் மேல் சுற்று கீழ்ச் சுற்றின் மேல் படிந்து தண்ணீரை வெளியே தள்ளும். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கான் வேண்டவே வேண்டாம், அந்த அமிலம் செம்பை அரிக்கும். கேபிள் சுவருக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன்னால் அதைத் தாழ வளைத்து விடுங்கள், நீர் அங்கேயே சொட்டிவிடும்.

குன்னூர் வாசகி: இப்போதுதான் லைசென்ஸ் கிடைத்தது. 40 மீட்டர் அலைவரிசைக்கான டைபோலை (நடுவில் கேபிள் சேரும் ஒயர் ஆன்டெனா) இரண்டு கற்பூர (யூகலிப்டஸ்) மரங்களுக்கு நடுவே கட்டினேன். காற்றில் ஒயர் அறுந்துவிட்டது. மரக்கிளைகளை வெட்டிவிடலாமா?

வாழ்த்துகள் அம்மா. மரத்தைத் தொடாதீர்கள், மலைப்பகுதி மரங்களுக்கென்று 1955-இலேயே தனிச் சட்டம் இருக்கிறது, அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. ஒயர் அறுந்தது, அதை இரு பக்கமும் இறுக்கிக் கட்டியதால். ஒரு பக்கத்தை மட்டும் நிலையாகக் கட்டிவிட்டு, மறுபக்கக் கயிற்றை ஒரு கப்பி வழியாக இறக்கி, நுனியில் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். மரம் ஆடும்போது கேன் ஏறி இறங்கும், ஒயர் தப்பிக்கும். கேன் தொங்கும் இடத்துக்குக் கீழே யாரும் நடக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள். மலை வெயிலில் புற ஊதாக் கதிர் அதிகம், மஞ்சள் நைலான் கயிறு சீக்கிரம் பொடிந்துவிடும். கறுப்பு பாலியஸ்டர் கயிறு வாங்குங்கள்.

கற்பூர மரம் காற்றில்லாத நாளிலும் கிளையை முறித்துப் போடும். எனவே இடமிருந்தால் நடுவில் ஒரு ஜி.ஐ. பைப் நட்டு, தலைகீழ் 'வி' ஆகக் கட்டுவது மேல். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு மொத்த நீளம் 20 மீட்டரை ஒட்டி வரும். அரை மீட்டர் கூடுதலாக விட்டு, மீட்டரைப் பார்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். 7, 8 மீட்டர் உயரம் போதும். தாழ்ந்த டைபோல் அலையை மேலே அனுப்பும். அது அயனி மண்டலத்தில் பட்டுச் சுற்றுவட்டாரத்தில் இறங்குவதால், பகலில் சென்னையும் பெங்களூரும் நன்றாகக் கேட்கும்.

கொடைக்கானல், வில்பட்டி வாசகர்: அடுக்கு நிலத்தில் 12 மீட்டர் டவர் போடுகிறேன். கீழ்ப்பக்க ஸ்டே ஒயரைத் தடுப்புச் சுவரிலேயே கட்டிவிடலாமா?

கூடாது. மழையில் மண் ஊறினால் அந்தச் சுவர் ஏற்கனவே முழு பாரத்தையும் தாங்கி நிற்கிறது. அதில் டவரின் இழுப்பும் சேர்ந்தால் சுவரும் டவரும் சேர்ந்தே போகும். 2018 நவம்பரில் கஜா புயல் உங்கள் ஊரில் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று பார்த்தவர்தானே நீங்கள்!

சரிவில் எல்லா ஸ்டே ஒயரும் ஒரே நீளமாக இருக்க வேண்டியதில்லை, ஒரே கோணமாக இருக்க வேண்டும். சமதளத்தில் 12 மீட்டர் டவருக்கு ஆங்கர் (ஸ்டே ஒயரின் கீழ் முனையை நிலத்தில் பிடிப்பது) 8 மீட்டர் தள்ளி இருந்தால், கீழ்ப்பக்கம் 4 மீட்டர் தாழ்ந்த அடுக்கில் அது கிட்டத்தட்ட 11 மீட்டர் தள்ளிப் போக வேண்டும். மேட்டுப்பக்கம் 6 மீட்டரே போதும். கீழ்ப்பக்கத்தைக் கிட்டே நட்டால் ஒயர் செங்குத்தாகி, டவரைப் பிடிக்காமல் கீழே அமுக்கும். ஒவ்வொரு ஆங்கரும் சுவர் விளிம்பை விட்டு உள்ளே தள்ளி, கெட்டி மண்ணில் கான்கிரீட்டோடு இருக்கட்டும்.

இரவில் காட்டுமாடு வரும் இடம் உங்களுடையது. ஒயரின் அடி இரண்டு மீட்டருக்கு வெள்ளை பி.வி.சி. பைப் மாட்டுங்கள். ஈ.பி. லைன் பக்கத்தில் இருந்தால், டவர் முழு நீளத்துக்கு விழுந்தாலும் அதைத் தொடாத தூரம் வேண்டும். இதில் மட்டும் எந்தச் சமரசமும் வேண்டாம்.

ஊட்டி மாணவர்: வீட்டிலிருந்து 2 மீட்டர் அலைவரிசையில் கோவை கிடைக்கவில்லை. டவரை இன்னும் 6 மீட்டர் உயர்த்தட்டுமா?

வேண்டாம் தம்பி. நடுவில் நிற்பது மலை முகடு. ஆறு மீட்டர் அதற்கு எம்மாத்திரம்? கையடக்க செட்டோடு குன்னூரின் கிழக்கு விளிம்புக்குப் போய்ப் பார். சமவெளியை நோக்கி 1,800 மீட்டர் உயரத்தில் நின்றால் ரேடியோ தொடுவானம் 150 கிலோமீட்டரைத் தாண்டும்.

கூடலூர் வாசகர்: பாறை நிலம். எர்த் கம்பி ஒரு அடிக்கு மேல் இறங்கவில்லை. உப்பும் கரியும் போட்டால் போதுமா?

மலை மழை உப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும், இருக்கும்வரை கம்பியை அரிக்கும். ஆழம் கிடைக்காத இடத்தில் அகலத்தைப் பிடியுங்கள். டவர் அடியிலிருந்து வீட்டைச் சுற்றி அகலமான செம்புப் பட்டையை ஆழமற்ற பள்ளத்தில் புதைத்து, மண் கிடைக்கும் இடங்களிலெல்லாம் குட்டைக் கம்பிகளை அடித்து எல்லாவற்றையும் இணையுங்கள். வீட்டு மின்சார எர்த்தையும் எலக்ட்ரீஷியனை வைத்து இதோடு சேர்க்க வேண்டும். தனித்தனி எர்த் இருந்தால் இடியின்போது இரண்டுக்கும் நடுவே உங்கள் ரிக்தான் பாலமாகும். இடி கேட்கும் முன்பே கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே எர்த் தட்டில் மாட்டிவிடுங்கள். இடி தொடங்கிய பிறகு கேபிளைத் தொடாதீர்கள்.

பண்ணைக்காடு வாசகர்: டவரை வருடத்தில் எப்போது சோதிப்பது?

கோடை இடிக்கு முன் மார்ச்சில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை. போல்ட் துரு, ஸ்டே ஒயர் கிளிப், டர்ன்பக்கிள் (ஒயரை இறுக்கும் திருகு), டேப் எல்லாவற்றையும் பாருங்கள். ஏறுவதற்கு முன்பே ஸ்டே ஒயர்களைப் பார்த்துவிட வேண்டும். இடுப்பு பெல்ட் போதாது, முழு உடல் ஹார்னஸ் அணியுங்கள். கீழே ஒருவர் நிற்காமல் ஏறாதீர்கள்.