மாத்திரையால் வந்த மறதியை ஸ்கேன் காட்டுமா?

கேள்வி: என் தாயாருக்கு 71 வயது. தோல் அரிப்புக்காகப் பல மாதங்களாக இரவில் குளோர்பெனிரமின் மாத்திரையும், தூக்கம் வராத நாட்களில் அல்பிரசோலமும் சாப்பிடுகிறார். இப்போதெல்லாம் சொன்னதையே திரும்பச் சொல்கிறார். அடுப்பில் பால் வைத்ததை மறந்துவிடுகிறார். மாத்திரைதான் காரணமா என்பதை மூளை ஸ்கேன் எடுத்துத் தெரிந்துகொள்ளலாமா?

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. ஆனால் மறதிக்கு மாத்திரைதான் காரணம் என்று உறுதிசெய்யும் ஸ்கேன் எதுவும் மருத்துவமனைகளில் இல்லை. இந்த மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதை ஆய்வுக்கூடப் படங்கள் தெளிவாகவே காட்டியுள்ளன. அதைத் தனி ஒருவருக்குப் பொருத்திப் பார்ப்பதில்தான் சிக்கல்.

ஜப்பானின் தொஹோக்கு பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மூளையின் ஹிஸ்டமின் ஏற்பிகளில், அதாவது ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் வந்து இணையும் இடங்களில், போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்கப் பொருளைச் செலுத்தி, அது எங்கே சேர்கிறது என்று காட்டும் பெட் ஸ்கேன் எடுத்தார்கள். குளோர்பெனிரமின் வகை மருந்து வழக்கமான அளவிலேயே ஏறத்தாழ பாதி ஏற்பிகளைப் பிடித்துக்கொண்டது. பெக்சோபெனடின் என்ற இன்னொரு அரிப்பு மருந்தைச் சாப்பிட்டவர்களிடம் இப்படி ஏற்பிகள் பிடிபடுவது அநேகமாக இல்லை. அரிப்பைத் தணிப்பவை இரண்டுமே என்றாலும், விழிப்பையும் கவனத்தையும் காக்கும் ஹிஸ்டமினை மூளைக்குள் புகுந்து தடுப்பது முதலாவதுதான். அல்பிரசோலத்தின் இனத்தைச் சேர்ந்த லோரசெபமும் இப்படி ஆராயப்பட்டது. 2002-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முகங்களையும் பெயர்களையும் இணைத்து மனத்தில் பதிக்கும்போது, மூளை இயங்கும் விதத்தைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ ஸ்கேன் எடுத்தார்கள். லோரசெபம் கொடுத்தபோது, நினைவைப் பதிக்கும் ஹிப்போகேம்பஸின் செயல்பாடு வெற்று மாத்திரை கொடுத்தபோது இருந்ததைவிடக் குறைந்திருந்தது.

எஃப்.எம்.ஆர்.ஐ நரம்புகளின் பேச்சை நேரடியாகக் கேட்பதில்லை. நரம்புகள் இயங்கியதைத் தொடர்ந்து ஐந்தாறு விநாடிகளில் உச்சத்தை எட்டும் இரத்த ஆக்சிஜன் மாற்றத்தையே அளக்கிறது. அந்த மாற்றமும் பெரும்பாலும் ஓரிரு சதவீதம்தான். காபியிலுள்ள கஃபீனே மூளையின் இரத்த ஓட்டத்தைக் கணிசமாகக் குறைத்துவிடும் என்பதால், படத்தில் தெரிவது சிந்தனையின் மாற்றமா, இரத்தக் குழாயின் மாற்றமா என்று பிரித்தறிய, ஒரே நபரை மருந்துடனும் மருந்தின்றியும் சோதித்துப் பலரின் சராசரியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. படம் பிரகாசமாக இருந்தால் மூளை நன்றாக இயங்குகிறது என்பதும் தவறான எண்ணம். பிசோஸ்டிக்மின் என்ற மருந்து நினைவுப் பணியை எளிதாக்கியபோது, மூளையின் முன்பகுதியின் செயல்பாடு கூடவில்லை, குறைந்தது. உங்கள் தாயாருக்கோ, மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய படம் என்று ஒப்பிட எதுவும் இல்லை.

ஆகவே, சளி மருந்து, சிறுநீர்க் கட்டுப்பாட்டு மாத்திரை உட்பட அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் குறிப்பிட்ட இரு வகை மருந்துகளையும் முதியோருக்குத் தவிர்க்க வேண்டியவை என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் பட்டியலிட்டிருக்கிறது. அரிப்புக்கு மாற்று மருந்து கேளுங்கள். அல்பிரசோலத்தை நீங்களாகத் திடீரென்று நிறுத்தாதீர்கள். தொடர்ந்து சாப்பிட்டு வந்தவருக்கு வலிப்புகூட வரலாம் என்பதால், மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். மாற்றத்துக்கு முன்பும் சில வாரங்கள் கழித்தும் ஒரு நினைவாற்றல் சோதனை செய்தால், நீங்கள் தேடும் விடை பெரும்பாலும் அதில் கிடைத்துவிடும்.

மருத்துவர் பி12, தைராய்டு பரிசோதனைகளோடு சாதாரண எம்.ஆர்.ஐயும் எழுதித் தந்தால் தயங்காமல் எடுங்கள். அது பக்கவாதம், இரத்தக் கசிவு, கட்டி போன்றவை இருக்கின்றனவா என்று பார்ப்பதற்கானது. குழப்பம் ஓரிரு நாளில் திடீரென்று கூடினால், அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.