மூச்சுத்திணறல் உள்ளவங்கள வீட்ல பாத்துக்கறது: மும்பை சிஸ்டர்கிட்ட கேளுங்க

26 வருஷமா மும்பைல நெஞ்சுநோய் வார்டுல நர்ஸா இருக்கேன். இன்னிக்கு லீவு, அதனால உக்காந்திருக்கேன். டாக்டர் இல்ல நான், மாத்திரை பேரு கேக்காதீங்க.

செம்பூர்: அப்பாவுக்கு சிஓபிடி, அதான் நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய். டாக்டர் ஆக்சிஜன் குடுக்கற கான்சன்ட்ரேட்டர் மெஷின்ல நிமிஷத்துக்கு 1 லிட்டர் வைக்க சொன்னார், சாச்சுரேஷன் (ரத்தத்துல ஆக்சிஜன் அளவு) 90தான் காட்டுது. 4க்கு ஏத்தலாமா சிஸ்டர்?

ஏத்தாதீங்கண்ணா. சிஓபிடி ஆளுங்களுக்கு பொதுவா 88ல இருந்து 92தான் டார்கெட்டே, உங்க அப்பா சரியாதான் இருக்கார். இவங்களுக்கு கார்பன் டை ஆக்சைடு முழுசா வெளிய போகாம உள்ளயே தேங்கும், நாம பாசத்துல ஆக்சிஜனை அள்ளி விட்டா அது இன்னும் கூடும், விரல்ல மாட்டற மெஷின்ல நம்பர் 98னு சூப்பரா காட்டும், ஆள் மட்டும் மந்தமாகிட்டே போவார், வீட்ல "பாவம், இப்பதான் நிம்மதியா தூங்குறார்"னு லைட்ட அணைச்சிட்டு போயிடுவாங்க. அந்த தூக்கத்துல இருந்து நேரா ஐசியூக்கு வந்தவங்கள எண்ணி மாளாது. குமிழ்ல கை வைக்காதீங்க.

திணறுனா படுக்க வைக்காம உக்கார வைங்க. முன்னாடி டேபிள்ல தலகாணி போட்டு அதுமேல கை ஊனி குனிஞ்சு சாயட்டும். மூக்கால இழுத்து, சூடான டீயை ஊதுற மாதிரி உதட்ட குவிச்சு மெதுவா விடணும், இழுத்த நேரத்தைவிட விடற நேரம் ரெண்டு மடங்கு இருக்கணும். கான்சன்ட்ரேட்டர் ஃபில்டர வாரம் ஒருதடவை கழுவுங்க, நம்ம ஊர் தூசிக்கு அதுவே கம்மி. அப்புறம் அந்த ரூம்ல சாமி விளக்கு, ஊதுபத்தி எதுவும் கூடாது, மூக்கு காஞ்சா வாசலினும் தடவாதீங்க, ஆக்சிஜன் பக்கத்துல சின்ன பொறியும் குபுக்னு பிடிக்கும்.

தாராவி: இன்ஹேலர் பழக்கமாயிடும்னு சொல்றாங்களே?

ஆகாது தம்பி. ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டற குழாய்) வச்சு எடுங்க, ஸ்டீராய்டு பஃப்னா வாய் கொப்புளிச்சு துப்பிடுங்க.

சயான்: சாச்சுரேஷன் 93, பயப்படணுமா?

யாருக்கு, என்ன வயசு, என்ன நோய்? ஒண்ணுமே சொல்லாம நம்பர மட்டும் போட்டா என்னத்த சொல்றது.

மாட்டுங்கா: மாமியாருக்கு ஆறு மாசமா வறட்டு இருமல், மாடி ஏறுனா இளைக்குது. பால்கனி பூரா புறா எச்சம். அதனாலயா இருக்குமா?

இருக்கலாம்மா. புறா எச்சம், இறகுல இருக்கற புரதம் சிலருக்கு நுரையீரல்ல ஒவ்வாமை அழற்சி உண்டாக்கும், வருஷக்கணக்கா விட்டா தழும்பாகி இறுகிடும், அப்புறம் திரும்ப வராது. நெஞ்சு டாக்டர்கிட்ட போங்க, அவர் கேக்கலனாலும் "வீட்ல புறா இருக்கு"ன்னு நீங்களே சொல்லுங்க. எச்சத்தை காய்ஞ்சபடி பெருக்காதீங்க, தண்ணி தெளிச்சு என்95 போட்டுட்டு வழிச்செடுங்க, மாமியார் அந்த பக்கமே வர வேணாம்.

தாதர்: வாயில்லா ஜீவன் மேல ஏன் பழி போடறீங்க? தானியம் போடறது புண்ணியம். வண்டிப் புகையால வராத இருமலா?

புகையும் கெடுதிதான், நான் எங்க இல்லனு சொன்னேன்?

முலுண்ட்: 2025 ஆகஸ்ட்ல தாதர் கபூதர்கானாவ (புறாவுக்கு தீனி போடற இடம்) தார்ப்பாய் போட்டு மூடுனப்ப அதையே கிழிச்சவங்கதான இவங்க.

தாதர்: பசிச்ச பறவைக்காக கிழிச்சாங்க. எங்க தாத்தா எண்பது வயசு வரைக்கும் தினம் தீனி போட்டார், ஒரு இருமல் இல்ல.

உங்க தாத்தாவுக்கு வரல, சந்தோஷம். பீடி குடிச்சும் தொண்ணூறு வரைக்கும் இருந்த தாத்தாக்களும் உண்டுங்க, அதுக்காக பீடி மருந்தாயிடுமா? புண்ணியம் உங்களுக்கு, எச்சம் மட்டும் மேல் மாடிக்காரிக்கா?

காட்கோபர்: சாச்சுரேஷன் 94, ஓகேவா?

மேல போய் படிங்க. விரல்ல மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தாலோ கை ஜில்லுனு இருந்தாலோ மெஷின் தப்பா காட்டலாம். நம்பர விட்டுட்டு ஆளப் பாருங்க, ஒரு முழு நிமிஷம் மூச்ச எண்ணுங்க. பெரியவங்களுக்கு 12ல இருந்து 20 நார்மல், 30 தாண்டுனா ஆஸ்பத்திரி.

முலுண்ட்: அந்த தாதர்காரர் இன்னும் பதில் சொல்லலயே...

பாண்டுப்: சிஸ்டர், எங்க அப்பாவுக்கும் சிஓபிடிதான். காலைல 2 லிட்டர்ல இருந்து 5 ஆக்கிட்டோம். இப்ப 97 இருக்கு, ஆனா மதியத்துல இருந்து தூங்கிட்டே இருக்கார், சாப்பிட எழுப்புனா ஏதோ உளறுறார்.

புறா சண்டைய நிறுத்துங்க எல்லாரும். பாண்டுப் தம்பி, 108க்கு இப்பவே போன் போடுங்க. குமிழ பழையபடி 2க்கு கொண்டு வாங்க, மொத்தமா ஆஃப் பண்ணிடாதீங்க. நிமித்தி உக்கார வச்சு பேச்சு குடுத்துட்டே இருங்க, வாயில தண்ணிகூட ஊத்தாதீங்க. 5 லிட்டர்ல எத்தனை மணி நேரம் ஓடுச்சுன்னு வண்டில வர்றவங்ககிட்ட மறைக்காம சொல்லுங்க, மருந்து சீட்டையும் கையோட எடுத்துக்கோங்க.