ஷிசுவோகாவில் மூன்று நாள்: ஃபுஜி, தேயிலை, தொழிற்சாலை மூன்றையும் பார்க்க முடியுமா?

டோக்கியோவிலிருந்து கியோட்டோ போகும் வழியில் ஷிசுவோகாவில் மூன்று நாள் இறங்கலாமா, எதை எந்த நாளில் வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக இறங்கலாம். ஆனால் எந்த நாளில் எது என்று இப்போதே எழுதி வைக்காதீர்கள். அங்கே அதை முடிவு செய்வது வானம்தான்.

ஃபுஜி மலை விடியற்காலையில் தெளிவாக இருக்கும். வெயில் ஏற ஏற மேகம் கூடும். பத்து பதினொரு மணிக்கு மேல் பல நாள்களில் முகத்தை மூடிக்கொள்ளும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அநேகமாகத் தெரியும். ஜூன், ஜூலை மழைக்காலத்தில் அதிர்ஷ்டம் வேண்டும். தேயிலைக்கோ ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும்தான் பருவம். முதல் கொழுந்தான 'ஷின்சா' அப்போதுதான் வருகிறது. இரண்டும் வேண்டுமென்றால் மே இரண்டாம் வாரம் நல்ல சமரசம். அதற்கு முந்தைய வாரம் ஜப்பானின் 'கோல்டன் வீக்' விடுமுறை. அறையும் கிடைக்காது, ரயிலில் இருக்கையும் கிடைக்காது. டிசம்பரில் போனால் தேயிலைச் செடி பச்சையாகவே இருக்கும், ஆனால் பறிப்போ பதப்படுத்துதலோ நடக்காது.

முதலில் ரயில், ஏனென்றால் அதிகம் பேர் தவறுவது இங்கேதான். டோக்கியோவிலிருந்து கியோட்டோ வழியாகப் போகும் அதிவேக ரயில் பாதையான தொக்காய்தோ ஷின்கான்செனுக்கு ஷிசுவோகா மாநிலத்தில் மட்டும் ஆறு நிலையங்கள்: அதாமி, மிஷிமா, ஷின்-ஃபுஜி, ஷிசுவோகா, காகேகவா, ஹமாமட்சு. இந்தப் பாதையில் நொசோமி, ஹிகாரி, கொடாமா என்று மூன்று வகை ரயில்கள். வேகமான நொசோமி இவற்றில் எதிலும் நிற்காது. ஏறிவிட்டால் நேரே நகோயாதான். ஏறக்குறைய மணிக்கு ஒரு ஹிகாரி ஷிசுவோகாவில் நிற்கும், டோக்கியோவிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். கொடாமா எல்லாவற்றிலும் நிற்கும், அரை மணி கூடுதலாகும். மேற்கே போகும்போது சாதாரணப் பெட்டியில் 'ஈ' (E) வரிசை இருக்கையைக் கேளுங்கள். மிஷிமா தாண்டியதும் வலப்பக்கம் ஃபுஜி வரும். உங்கள் பயணப்பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.யைத் தாண்டினால் அதற்கான இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும்.

காசு மிச்சம் பிடிக்கச் சாதாரண ரயிலில் வருபவர்களுக்கு ஒரு சிக்கல். டோக்கியோவில் சுய்க்கா என்ற ப்ரீபெய்டு பயண அட்டையைத் தட்டி உள்ளே நுழைந்து ஷிசுவோகாவில் வெளியேற முயன்றால் கதவு திறக்காது. அதாமியோடு ஒரு ரயில் நிறுவனத்தின் பகுதி முடிந்து இன்னொன்றின் பகுதி தொடங்குகிறது. புறப்படும் இடத்திலேயே காகித டிக்கெட் வாங்கிவிடுங்கள்.

ஷிசுவோகா நகரில் இரண்டு இரவு, ஹமாமட்சுவில் ஒரு இரவு என்று தங்குவது வசதி. எந்தக் காலையில் வானம் தெளிந்திருக்கிறதோ அன்று நிஹொந்தாய்ரா மேட்டுக்குப் பேருந்தில் போய்விடுங்கள். சுருகா விரிகுடாவும் ஃபுஜியும் ஒரே பார்வையில் வரும். ஜப்பானிலேயே ஆழமான விரிகுடா அது, சுமார் 2,500 மீட்டர். அங்கிருந்து ஐந்து நிமிட ரோப்வேயில் குனோசான் தோஷோகூ. ஜப்பானை ஆண்ட ஷோகன், 1616-இல் இறந்த தொகுகவா இயேயாசுவை முதலில் அடக்கம் செய்த இடம் இதுதான். புகழ்பெற்ற நிக்கோ கோயில் இதற்குப் பிறகு வந்தது. திரும்பி ஏறாமல் கடலோரம் இறங்கிவிடலாம், 1,159 படிகள். இறங்குவதுதான் புத்திசாலித்தனம். கீழே கல்சுவர்ச் சரிவில் ஸ்ட்ராபெரி வளர்க்கிறார்கள். கல் பகல் வெயிலைச் சேமித்து இரவில் செடிக்குச் சூடு கொடுக்கும்.

தேயிலைக்கு மகினொஹாரா பீடபூமி. ஷிசுவோகாவிலிருந்து சாதாரண ரயிலில் அரை மணி சொச்சத்தில் கனாயா. மேலே தேநீர் அருங்காட்சியகம் இருக்கிறது, செவ்வாய் விடுமுறை. 1868-இன் மெய்ஜி ஆட்சி மாற்றத்தில் எஜமானை இழந்த சாமுராய்களும், ஓய் நதியில் ஆள்களைத் தோளில் சுமந்து கடத்திப் பிழைப்பு இழந்தவர்களும் சேர்ந்து திருத்திய நிலம் இது. பக்கத்து ஊர் ஷிமாதாவில் உள்ள ஹோராய் மரப்பாலமும் (1879, 897.4 மீட்டர்) தோட்டத்துக்குப் போய்வரக் கட்டியதுதான். கைப்பிடி முழங்கால் உயரத்துக்குக்கூட வராது. காற்றடிக்கும் நாளில் குழந்தைகளின் கையை விடாதீர்கள்.

தோட்டத்தில் கம்பத்தின் உச்சியில் நிற்கும் மின்விசிறிகளைப் பார்த்துக் காற்றாலை என்று நினைத்துவிடுவார்கள். அவை மின்சாரம் தயாரிப்பவை அல்ல, மின்சாரம் தின்பவை. தெளிந்த இரவில் தரையோரக் காற்று குளிர்ந்து கனத்துக் கிடக்கும், சில மீட்டர் மேலே இருப்பது சற்று வெதுவெதுப்பானது. அந்தக் காற்றைக் கீழே தள்ளினால் கொழுந்தில் உறைபனி விழாது. ஒரே இரவுப் பனி முதல் பறிப்பைக் கருக்கிவிடும். விவசாயியின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு அந்த முதல் பறிப்பில்தான் இருக்கிறது.

வாங்குவதானால் 'ஃபுகாமுஷி' வாங்குங்கள், இந்தப் பக்கத்தின் தனித்தன்மை அது. ஜப்பானியரின் அன்றாடப் பச்சைத் தேயிலையான செஞ்சாவைச் சாதாரணமாக 30–40 விநாடி ஆவியில் வேகவைத்தால் இதை ஒரு நிமிடத்துக்கு மேல் வைப்பார்கள். இலை நொறுங்கிவிடும், சாறு கலங்கலான கரும்பச்சையாக, துவர்ப்புக் குறைந்து இறங்கும். இரண்டு பேருக்கு 4 கிராம் இலை, 180 மில்லி தண்ணீர், 70–80 டிகிரி, அரை நிமிடம் போதும். கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கசப்பும் துவர்ப்பும் முந்திக்கொள்ளும். வெப்பமானி இல்லையென்றால் கொதித்த நீரை ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுங்கள், ஒவ்வொரு மாற்றலுக்கும் சுமார் 10 டிகிரி குறையும். கடைசிச் சொட்டு வரை வடித்துவிட வேண்டும். தேங்கிய நீர் இரண்டாவது ஊற்றலைக் கெடுக்கும். இரண்டாவதற்குக் கொஞ்சம் கூடுதல் சூடு, பத்து விநாடி. நம் வீட்டு டீ வடிகட்டியில் இந்தத் தூள் அடைத்துக்கொள்ளும் அல்லது தப்பித்துவிடும்; நுண்ணிய வலை வேண்டும்.

ஓய் நதி நீராவி ரயிலைப் பற்றிப் பழைய பதிவுகளை நம்ப வேண்டாம். 2022 செப்டம்பர் புயலில் பாதை அடித்துப் போனது. நீராவி ரயில் ஷின்-கனாயாவிலிருந்து கவானே-ஒன்சென்-சசமாதோ வரைதான். அதற்கு மேலே சென்ஸுவுக்குச் சாலை வழிதான். சென்ஸுவில் தொடங்கும் பல்சக்கர இகாவா ரயிலைப் பார்க்க வேண்டுமானால் ஒரு முழு நாளை ஒதுக்குங்கள். மூன்று நாளில் அதைத் திணிக்காதீர்கள்.

மேகமூட்டமான நாள் ஹமாமட்சுவுக்கு. பருத்தி நெசவு ஊர் என்பதால் தறி செய்யும் பட்டறைகள் வந்தன. சுசூகி 1909-இல் தறிக் கம்பெனியாகத் தொடங்கியது. மாருதி காரின் பூர்வீகம் ஒரு தறி. யமஹாவின் கதை 1887-இல் பள்ளிக்கூட ஆர்மோனியம் ஒன்றைப் பழுது பார்த்ததில் தொடங்குகிறது. ஹோண்டாவின் நிறுவனரும் இந்தப் பகுதிக்காரர். சுசூகி அருங்காட்சியகம் தகாத்சுகா நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. இலவசம், ஆனால் முன்பதிவு இல்லாமல் விடமாட்டார்கள், திங்கள் விடுமுறை. யமஹா காட்சியகத்துக்கும் முன்பதிவு வேண்டும். வானத்தைப் பார்த்து முடிவெடுக்கும் திட்டத்துக்கு இதுதான் இடைஞ்சல். அதனால் சுசூகியை மூன்றாம் நாள் பிற்பகலில் பதிந்துவிட்டு, ஹமாமட்சு நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் இசைக்கருவி அருங்காட்சியகத்தை மழைக்கென்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நேரம் மிஞ்சினால் ஃபுஜி நகரின் கக்குனான் ரயில்: 9.2 கி.மீ., யோஷிவாரா நிலையத்தில் ஏறலாம். காகித ஆலையின் குழாய்களுக்கு அடியிலேயே புகுந்து போகும், பின்னால் ஃபுஜி நிற்கும். அழகான ரயில் என்று சொல்ல மாட்டேன், ஆனால் மலை கொடுக்கும் தண்ணீரில் ஆலைகள் வளர்ந்ததை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது.

சைவ உணவுக்காரர்களுக்கு: யாய்சு துறைமுகம் இங்கே இருப்பதால் சூரைமீன் கருவாட்டுச் சாறு எல்லாவற்றிலும் உண்டு. பச்சைத் தேயிலை சேர்த்த சோபா நூடுல்ஸ் சைவமாகத்தான் தெரியும், தொட்டுக்கொள்ளும் சாறு மீன். ஹமாமட்சுவின் கியோசா கொழுக்கட்டையில் பன்றியிறைச்சி. 'கத்சுஓ தாஷி நுகி' (சூரைமீன் சாறு வேண்டாம்) என்று கேட்டாலும் சாறு முன்பே கலந்திருக்கும், எடுக்க முடியாது. உப்பு மட்டும் போட்ட சோற்று உருண்டை, பழம், ஊரிலிருந்து கொண்டுபோன பொடி வகைகளை நம்புங்கள். சோற்றுக்குத் துருவிய புது வசாபி நல்ல துணை, அதுவும் இந்த மலைகளில் விளைந்ததுதான்.