அந்த மெனு எங்கே போனது? வேர்ட்பிரஸ் கேள்வி பதில்

இணையத்தளத்தை ஒருவர் செய்து கொடுத்துவிட்டுப் போன பிறகு, உள்ளே நுழைந்து எதை எங்கே தேடுவது என்று தெரியாமல் நிற்பவர்களின் கேள்விகளே இம்முறை அதிகம். எல்லாமே இணையத்தளம் நடத்த உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருள் பற்றியவை.

கேள்வி: கைத்தறிச் சாறி விற்கிறோம். யூடியூப் வீடியோவில் 'அப்பியரன்ஸ்' என்பதற்குள் 'மெனுஸ்' இருக்கிறது. எங்கள் தளத்தில் அதைக் காணவில்லை. தளத்தைச் செய்த தம்பி இப்போது கட்டாரில்.
- வாசகி, மருதமுனை

பதில்: டாஷ்போட்டின், அதாவது உள்ளே நுழைந்ததும் வரும் நிர்வாகத் திரையின், இடதுபக்கக் கறுப்புப் பட்டையைப் பாருங்கள். 'அப்பியரன்ஸ்' என்ற சொல்லே அங்கே இல்லையென்றால், உங்களுக்குத் தந்திருப்பது அனேகமாக 'எடிட்டர்' கணக்கு. அதைக் கொண்டு பதிவும் பக்கமும் எழுதலாம், படம் ஏற்றலாம். தளத்தின் தோற்றத்தில் கைவைக்க முடியாது. அந்தத் தம்பியிடம் சொல்லி, உங்கள் மின்னஞ்சலிலேயே ஒரு 'அட்மினிஸ்ட்ரேட்டர்' கணக்கு திறந்து தரச் சொல்லுங்கள். அவருடைய கடவுச்சொல்லை வாங்கிப் பாவிக்க வேண்டாம். அது மறந்துபோனால் மீட்கும் மின்னஞ்சல் அவருக்குத்தான் போகும். கட்டாரில் அவர் எழும்பும்வரை நீங்கள் காத்திருக்க வேண்டிவரும்.

'அப்பியரன்ஸ்' இருக்கிறது, ஆனால் அதற்குள் 'தீம்ஸ்', 'எடிட்டர்' என்று ஒன்றிரண்டுதான் தெரிகிறது என்றால் உங்கள் தளத்தின் தீம், அதாவது தோற்ற வார்ப்பு, 'பிளாக் தீம்' எனும் புதிய வகை. 2022 ஜனவரியில் வெளிவந்த 5.9 பதிப்பு முதல் இவ்வகைத் தீம்கள் வழக்கத்துக்கு வந்தன. இவற்றில் 'மெனுஸ்', 'விட்ஜெட்ஸ்' இரண்டும் தனியாக இராது. நீங்கள் பார்த்த வீடியோ பழைய வகைத் தீமுக்கு உரியது. 'அப்பியரன்ஸ்', அதற்குள் 'எடிட்டர்', அதற்குள் 'நேவிகேஷன்' என்று போங்கள். சாறி வகைகளுக்கான பக்கங்களை அங்கே சேர்த்து 'சேவ்' கொடுங்கள். தளத்தின் தலைப்பகுதி எல்லாப் பக்கங்களுக்கும் பொதுவானது. அதில் ஒரு சொல்லை அழித்தால் எல்லாப் பக்கத்திலும் அழிந்துவிடும், கவனம்.

கணக்கு வகைக்கும் 'எடிட்டர்' என்று பெயர், தோற்றத்தை மாற்றும் இடத்துக்கும் அதே பெயர். பலர் தடுமாறுவது இங்கேதான். யாரிடமாவது உதவி கேட்கும்போது எந்த எடிட்டர் என்று சேர்த்தே சொல்லுங்கள்.

கேள்வி: பழைய மாணவர் சங்கத்தின் தளம். 'எங்கள் சங்கம்' என்று பக்கம் எழுதி வைத்தும், கடைசியாகப் போட்ட மரண அறிவித்தல்தான் முகப்பில் நிற்கிறது.
- வாசகர், கல்லடி

பதில்: 'போஸ்ட்ஸ்' என்பது திகதி வரிசையில் அடுக்கப்படுவது, புதியது மேலே வரும். 'பேஜஸ்' அப்படி அல்ல, வைத்த இடத்தில் நிற்கும். எதையும் மாற்றாவிட்டால் வேர்ட்பிரஸ் புதிய பதிவுகளையே முகப்பில் காட்டும். முதலில் 'அறிவித்தல்கள்' என்ற பெயரில் வெறும் பக்கம் ஒன்றைப் பிரசுரியுங்கள். பிறகு 'செட்டிங்ஸ்' சென்று 'ரீடிங்' திறந்து, மேலே 'ஸ்டாட்டிக் பேஜ்' என்பதைத் தெரிவுசெய்யுங்கள். 'ஹோம்பேஜ்' என்ற இடத்தில் 'எங்கள் சங்கம்', 'போஸ்ட்ஸ் பேஜ்' என்ற இடத்தில் 'அறிவித்தல்கள்'. இரண்டுக்கும் ஒரே பக்கத்தைக் கொடுத்துவிடாதீர்கள். அறிவித்தல்கள் பக்கத்துக்குள் எதையாவது எழுதி வைத்தாலும் அது வெளியே தெரியாது. பதிவுகளின் வரிசைதான் தெரியும்.

அதே திரையின் அடியில், தேடுபொறிகளைத் தடுக்கும் சிறிய கட்டம் ஒன்று இருக்கிறது. தளம் கட்டும் காலத்தில் அதில் சரி அடையாளம் போட்டுவிட்டு எடுக்க மறந்துபோவார்கள். கூகுளில் சங்கத்தின் பெயர் வரவில்லையென்றால் முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: திருவிழா அறிவித்தலைக் காலை 6 மணிக்கு வெளிவரும்படி வைத்தோம். பகல் 11.30க்குத்தான் வந்தது.
- வாசகர், திருக்கோவில்

பதில்: ஐந்தரை மணிநேரம் பிந்தியிருப்பதே காரணத்தைச் சொல்கிறது. உங்கள் தளம் யூடிசி எனப்படும் உலகப் பொதுநேரத்தில் ஓடுகிறது. இலங்கை நேரம் அதற்கு 5.30 மணி முந்தியது. 'செட்டிங்ஸ்', 'ஜெனரல்' சென்று 'டைம்சோன்' பட்டியலில் ஆசியாவின் கீழ் கொழும்பைத் தெரிவுசெய்யுங்கள். ஏற்கெனவே நேரம் குறித்து வைத்த பதிவுகள் தாமாகத் திருந்தாது. ஒவ்வொன்றையும் திறந்து நேரத்தை மறுபடி குறியுங்கள். இன்னொன்று: குறித்த நேரத்துக்குப் பிறகு தளத்துக்கு யாராவது வந்தால்தான் வேர்ட்பிரஸ் அந்தப் பதிவை வெளியிடும். விடியற்காலையில் ஆள்வரவு குறைந்த தளம் என்றால், நீங்களே ஒருமுறை திறந்துவிடுங்கள்.

கேள்வி: 'மட்டக்களப்பு தயிர் விலைப்பட்டியல்' என்று தலைப்பிட்டால், வட்ஸ்அப்பில் அனுப்பும் இணைப்பு நூலாக நீள்கிறது, கடைசிச் சொல்லும் அறுந்துபோகிறது. பாமினியில் தட்டிய விலைகளை ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வருகிறது.
- வாசகர், வாழைச்சேனை

பதில்: இணைப்பில் தலைப்பிலிருந்து உருவாகும் பகுதிக்கு 'ஸ்லக்' என்று பெயர். அதற்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கியிருப்பது 200 எழுத்துகள். தமிழில் ஒவ்வொரு குறியும், புள்ளியும் கொம்பும்கூட, சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரிகிறது. 'மட்டக்களப்பு' மட்டும் 108 எடுத்துவிடும். உங்கள் தலைப்பு 'விலைப' என்பதோடு நிரம்பிவிடுகிறது. தலைப்பு தமிழிலேயே இருக்கட்டும். பதிவு எழுதும் திரையின் வலதுபக்கப் பட்டையில் 'ஸ்லக்' என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் இரண்டு சொல் போதும். பிரசுரிக்க முன்பே செய்யுங்கள். பதிவின் ஸ்லக்கைப் பிறகு மாற்றினாலும் பழைய இணைப்பு புதியதுக்குக் கொண்டுபோய்விடும். பக்கங்களுக்கு அந்த வசதி இல்லை, ஏற்கெனவே அனுப்பிய இணைப்பு முறிந்துவிடும்.

பாமினி தமிழ் வடிவம் பூண்ட ஆங்கில எழுத்துரு. யூனிகோட் மாற்றி ஒன்றில் இட்டு மாற்றிய பின் ஒட்டுங்கள். பாமினி எழுத்துருவையே தளத்தில் ஏற்றலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள், வேண்டாம். பார்வைக்குத் தமிழாகத் தெரியும். 'தயிர்' என்று கூகுளில் தேடுகிறவருக்கு உங்கள் தளம் அகப்படாது.

கேள்வி: பக்கப் பட்டியலில் 20 மட்டுமே தெரிகிறது. மற்றவை அழிந்துவிட்டனவா?
- வாசகி, அக்கரைப்பற்று

பதில்: இல்லை. வலதுபக்க மேல்மூலையில் 'ஸ்கிரீன் ஒப்ஷன்ஸ்' அழுத்தி, 20ஐ 100 ஆக்குங்கள். உண்மையாகவே அழித்தவை 'டிராஷ்' பகுதியில் 30 நாள் இருக்கும்.